ஜாவால நம்பர் மைனஸ்ல வருதா? அறிகுறிய வெச்சே பிழைய புடிக்கற வழி

ஜாவா ப்ரோக்ராம்ல 200 வரவேண்டிய எடத்துல -56 வருது, 40000 வரவேண்டிய எடத்துல -25536 வருதுன்னா மொதல்ல பதறாதீங்க, டேட்டா கெட்டுப்போகல. பிட்டெல்லாம் அப்படியே பத்திரமா இருக்கு, அத படிக்கற விதம்தான் தப்பு. ஜாவால பைட் (8 பிட்), ஷார்ட் (16), இன்ட் (32), லாங் (64) நாலுமே சைன்ட்தான், அதாவது ப்ளஸ் மைனஸ் ரெண்டும் வெக்கற டைப், மேல் பிட் சைனுக்கு (அது 1-ன்னா மைனஸ்); அன்சைன்ட்னா மைனஸே இல்லாதது; 1996-ல மொத வெர்ஷன் வந்தப்பலேர்ந்து இப்படிதான், லாங்குவேஜ் சிம்பிளா இருக்கணும்னு அன்சைன்ட்ட வேணும்னே விட்டுட்டாங்க. கேரக்டர் டைப் மட்டும் 0-லேர்ந்து 65535 வரைக்கும் போற அன்சைன்ட், ஆனா அதுல நம்பர் போட்டு வெச்சா அடுத்து படிக்கறவங்களுக்கு தலையும் புரியாது வாலும் புரியாது, அதனால அந்த வழிக்கு போகாதீங்க. 2014 மார்ச்ல வந்த ஜாவா 8-ல அன்சைன்ட் வேலைக்குன்னு கொஞ்சம் மெத்தட் குடுத்தாங்க, டைப் குடுக்கல. அப்போ நாமதான் பாத்து படிக்கணும்.

இங்க சிங்கப்பூர்ல துவாஸ், ஜூரோங் பக்கம் மீட்டர், சென்சார், பிஎல்சி (மெஷின கன்ட்ரோல் பண்ற சின்ன கம்ப்யூட்டர்)-ன்னு டிவைஸோட பேசற ப்ராஜெக்ட்ல வேலை பாக்கறவங்க, நெட்வொர்க் மானிட்டரிங் பாக்கறவங்க, பாலிடெக்னிக்ல படிச்சிட்டு புதுசா டீம்ல சேந்த தம்பி தங்கச்சிங்க எல்லாரும் இந்த ஒரே பிரச்சனைல வேற வேற ரூபத்துல வந்து முட்டிக்கறாங்க. அதான் அறிகுறிப்படி எழுதறேன், உங்களுக்கு எது தெரியுதோ அங்க போய் படிங்க. மெத்தட் பேரெல்லாம் தமிழ் எழுத்துல இருக்கும், பாதி டைப் பண்ணினாலே எடிட்டர் மீதிய காட்டிடும்.

மொதல்ல கழிச்சு பாருங்க

எந்த அறிகுறியா இருந்தாலும் மொத வேலை இதுதான். வரவேண்டிய நம்பர்லேர்ந்து வந்த நம்பர கழிங்க. வித்தியாசம் 256-ன்னா எங்கயோ பைட்ட தப்பா பெருசாக்கியிருக்கீங்க. 65536-ன்னா ஷார்ட். 4294967296-ன்னா இன்ட். 18446744073709551616-ன்னா லாங். இந்த நாலுல ஒண்ணா இருந்தா பிழை எந்த லைன்ல இருக்குன்னு பாதி தெரிஞ்ச மாதிரி, அந்த டைப்ப படிக்கற எடத்த மட்டும் தேடினா போதும்.

ரீடிங்க 0.01-ஆல பெருக்கி கிலோவாட்டா மாத்தி காட்டற மாதிரி ஸ்கேல் இருந்துச்சுன்னா 65536-க்கு பதிலா 655.36 வித்தியாசம் வரும், இந்த 655.36, 6553.6 ரெண்டையும் பாத்ததும் அடையாளம் தெரியணும். பல ரீடிங்க கூட்டின டோட்டல்னா வித்தியாசம் 65536-ஓட மடங்கா வரும். இது எதுவுமே இல்லாம சம்பந்தமில்லாத வித்தியாசம் வந்தா, தப்பா படிச்ச நம்பர வெச்சு பெரும்பாலும் நடுவுல யாரோ வகுத்துட்டாங்கன்னு அர்த்தம். 4000000000-ங்கறத இன்ட்ல வெச்சா -294967296, அத 10-ஆல வகுத்தா -29496729, இதுக்கப்புறம் என்ன மாஸ்க் (வேண்டிய பிட்ட மட்டும் வெச்சுட்டு மீதிய சைபராக்கற ஆன்ட் கணக்கு) போட்டாலும் 400000000 திரும்ப கெடைக்காது, 4265470567-னு ஒரு குப்பைதான் வரும். வகுக்கறதுக்கு முன்னாடியே சரி பண்ணியாகணும்.

கூட்டல், கழித்தல், பெருக்கல் மூணும் சைன்ட்டோ அன்சைன்ட்டோ ஒரே பிட்டதான் குடுக்கும், மைனஸ் எண்ண பிட்ல வெக்கற டூஸ் காம்ப்ளிமென்ட் முறையோட அழகே அதுதான், அதனால அங்க பிழைய தேடி நேரத்த வீணாக்காதீங்க. தேடவேண்டியது வகுத்தல், மீதி எடுக்கறது, பெருசா சின்னதான்னு ஒப்பிடறது, வலது பக்கம் ஷிஃப்ட் பண்றது, சின்ன டைப்ப பெரிய டைப்பா மாத்தறது, அப்புறம் ஸ்ட்ரிங்கா மாத்தறது, ஸ்ட்ரிங்லேர்ந்து படிக்கறது. இவ்வளவுதான்.

காலைல நல்லா இருந்த மீட்டர் மத்தியானம் மைனஸ் காட்டுது

சைட்ல இருக்கற டெக்னீஷியன் போன் பண்ணி "அண்ணே, காலைல நல்லாதான் இருந்துச்சு, மத்தியானம் மெஷின் எல்லாம் ஓட ஆரம்பிச்சதும் மைனஸ் காட்டுது, மீட்டர மாத்திடவா"ன்னு கேப்பாங்க. மாத்த வேணாம். மோட்பஸ்ல (மீட்டரோட பேசற முறை) ஒரு ரெஜிஸ்டர், அதாவது ஒரு ரீடிங் இருக்கற எடம், 16 பிட், 0-லேர்ந்து 65535 வரைக்கும் போகும், ஜாவா ஷார்ட் 32767-ல முடிஞ்சிடும். 0.01 கிலோவாட் ஸ்கேல்ல 327.67 வரைக்கும் ஒழுங்கா வரும், அடுத்த புள்ளி -327.68. லோடு கம்மியா இருக்கற காலைல தெரியாது, எல்லா மெஷினும் ஓடும்போதுதான் தெரியும், டெஸ்ட் பெஞ்ச்ல சின்ன லோடு வெச்சு டெஸ்ட் பண்ணினா தெரியவே தெரியாது.

சரி பண்ண "ஷார்ட்" கிளாஸ்ல இருக்கற டு-அன்சைன்ட்-இன்ட் மெத்தட்ட கூப்பிடுங்க, இல்லன்னா ரெஜிஸ்டர் & 65535 போட்டு இன்ட்ல வாங்கிக்கங்க, ரெண்டும் ஒண்ணுதான். திரும்ப ஷார்ட்ல போட்டு வெக்காதீங்க, போட்டா மறுபடி மைனஸ்தான்.

இங்க ஒரு விஷயத்துல ரொம்ப கண்டிப்பா சொல்றேன், மைனஸ்ஸ மறைக்கறதுக்காக மேத் கிளாஸோட ஆப்ஸ் மெத்தட்ட (மைனஸ் குறிய எடுத்துட்டு நம்பர மட்டும் குடுக்கறது) போடாதீங்க. நெறைய கோட்ல இத பாக்கறேன், டாஷ்போர்டுல மைனஸ் போயிடுச்சு, டிக்கெட் க்ளோஸ். ஆனா என்ன நடக்குதுன்னு பாருங்க. நெஜ லோடு 400.00 கிலோவாட்னா ரெஜிஸ்டர்ல 40000, ஷார்ட்ல -25536, ஆப்ஸ் போட்டா 255.36. லோடு 500-க்கு ஏறுது, ரெஜிஸ்டர் 50000, ஷார்ட்ல -15536, ஸ்க்ரீன்ல 155.36. லோடு ஏற ஏற கிராஃப் எறங்குது, பாக்கற எஞ்சினியர் மின்சாரம் மிச்சமாகுதுன்னு நெனச்சுட்டு இன்னொரு மெஷின ஆன் பண்ணுவாரு. மைனஸ் வந்தாலாவது யாராவது கேப்பாங்க, இது நம்பற மாதிரி இருக்கற பொய், இதுதான் ஆபத்து.

அதே சமயம் எல்லா ரெஜிஸ்டருக்கும் கண்ண மூடிட்டு மாஸ்க் போடறதும் தப்பு. கூரைமேல சோலார் இருக்கற பில்டிங்ல வெளிய போற பவர் மைனஸ்ல வர்றது நெஜம், கோல்ட் ரூம் டெம்பரேச்சர் மைனஸ் 18 டிகிரின்னா 0.1 ஸ்கேல்ல -180, அதுக்கு மாஸ்க் போட்டா 65356, ஸ்க்ரீன்ல 6535.6 டிகிரி. மீட்டரோட ரெஜிஸ்டர் மேப்ல ஒவ்வொண்ணுக்கும் சைன்ட்டா அன்சைன்ட்டான்னு போட்டிருப்பாங்க, அந்த டேபிள பக்கத்துல வெச்சுட்டு ஒவ்வொரு லைனா பாத்து போடுங்க, வேற சுருக்கு வழி கெடையாது.

ரெண்டு ரெஜிஸ்டர சேத்து 32 பிட்டா ஆக்கும்போது

இதுவும் மீட்டர் கதைதான், ஆனா தனியா சொல்லணும், ஏன்னா அறிகுறி வேற. எனர்ஜி டோட்டல் திடீர்னு பாதாளத்துக்கு போகும், கொஞ்ச நேரம் கழிச்சு தானா சரியாகிடும், மறுபடி போகும். மேல் ரெஜிஸ்டர 16 பிட் இடது பக்கம் தள்ளி, கீழ் ரெஜிஸ்டரோட ஆர் பண்ற (ரெண்டோட பிட்டையும் ஒண்ணா சேக்கற) லைன்ல கீழ் ரெஜிஸ்டருக்கு மாஸ்க் இல்லன்னா இப்படி ஆகும். மேல 1, கீழ 40000-ன்னா சரியான விடை 105536. மாஸ்க் இல்லாம பண்ணினா கீழ இருக்கறது -25536-ஆ விரிஞ்சு, மேல் பாதி முழுக்க 1-ஆ நெரம்பி, மேல் ரெஜிஸ்டர முழுசா அழிச்சுடும், விடை -25536. ஆருக்கு பதிலா கூட்டல் போட்டிருந்தா 40000 வரும், சரியா 65536 கம்மி, இது பாக்க நியாயமா இருக்கறதால கண்டுபிடிக்க இன்னும் லேட்டாகும். கீழ் ரெஜிஸ்டர் 32767-ஐ தாண்டும்போது மட்டும் வந்து, அடுத்த சுத்துல போயிடறதாலதான் "எப்பவாச்சும் வருது சார்"னு சொல்வாங்க.

ரெண்டு பக்கமும் மாஸ்க் போட்டு, சேத்த இன்ட்ட டு-அன்சைன்ட்-லாங் வழியா லாங்ல வாங்குங்க. அப்பவும் நம்பர் பைத்தியக்காரத்தனமா இருந்தா சைன் பிரச்சனை இல்ல, எந்த ரெஜிஸ்டர் மேல எது கீழங்கறது மாறியிருக்கும், சில டிவைஸ்ல கீழ் பாதி மொதல்ல வரும்.

இங்கிலீஷ், மலாய் ஓடுது, தமிழும் சீனமும் விழுது

இது சிங்கப்பூர்ல வேலை பாக்கறவங்களுக்கு அடிக்கடி கண்ணுல படற ரூபம், நாலு மொழிலயும் நோட்டீஸ் போடற ஊராச்சே. டெக்ஸ்ட்ட பைட்டா எடுத்து, 256 எடம் உள்ள டேபிள்ல எந்த பைட் எத்தன தடவ வருதுன்னு எண்ணற மாதிரி ஒரு கோட், இல்ல செக்சம் (டேட்டா மாறிச்சான்னு பாக்கற கூட்டு எண்) போடற கோட், இல்ல எழுத்துக்கு எழுத்து என்கோட் பண்ற கோட். இங்கிலீஷ் நோட்டீஸ் போட்டா ஓடுது, மலாய் போட்டா ஓடுது, தமிழ் போட்டா எக்ஸெப்ஷன் (ப்ரோக்ராம நிறுத்தற பிழை), இன்டெக்ஸ் -32, லெங்த் 256-க்கு வெளியன்னு சொல்லுது.

இங்கிலீஷும் ரூமில (இங்கிலீஷ் எழுத்துல) எழுதற மலாயும் பெரும்பாலும் 128-க்கு கீழ இருக்கற பைட்லயே அடங்கிடும், அதனால சைன் பிட் எந்திரிக்கவே எந்திரிக்காது. தமிழ் எழுத்தும், கால், கொம்பு, புள்ளி மாதிரி குறியும் ஒவ்வொண்ணும் யூடிஎஃப்-8-ல (எழுத்த பைட்டா மாத்தற முறை) மூணு பைட். "அ"-ன்னா 224, 174, 133. ஜாவா பைட்ல அது -32, -82, -123, மூணுமே மைனஸ். தமிழ் எழுத்து எதுவா இருந்தாலும் மொத பைட் 224-தான், அதனால தமிழ் டெக்ஸ்ட் விழும்போது எப்பவும் -32-லதான் விழும். சீனத்துல மொத பைட் எழுத்துக்கு எழுத்து மாறும், "புது"ங்கற அர்த்தத்துல வர்ற அந்த ஒத்த எழுத்து 230, 150, 176, அங்க -26-ல விழும். எக்ஸெப்ஷன்ல -32 பாத்தீங்கன்னா இந்த நாலு மொழில தமிழ்தான் மாட்டிருக்குன்னு லாக்க பாத்தே சொல்லிடலாம்.

டேபிள் இன்டெக்ஸா போடற எடத்துல பைட் & 255, அவ்வளவுதான் மருந்து. "தமிழ் சப்போர்ட் இல்ல"ன்னு ஃபான்ட் மேலயும் என்கோடிங் மேலயும் பழிய போட்டு, தமிழ் வெர்ஷன மட்டும் பிடிஎஃப்-ஆ மாத்தி மாட்டிட்டு போற ஆளுங்க இருக்காங்க. மனசு கஷ்டமா இருக்கு, நம்ம எழுத்துல ஒரு கொறையும் இல்ல, ஒரு மாஸ்க் விட்டுப்போச்சு. டெஸ்ட் டேட்டால ஒரு தமிழ் வரி, ஒரு சீன வரி எப்பவும் இருக்கட்டும்.

இதே குடும்பத்துல இன்னொண்ணு, பைட்ட ஹெக்ஸா (16-ஐ அடியா வெச்சு எழுதற எண், 0-9, ஏ-எஃப்) ப்ரின்ட் பண்ணினா ரெண்டு எழுத்து வரவேண்டிய எடத்துல முன்னாடி ஆறு எஃப் ஒட்டிட்டு எட்டு எழுத்தா வரும். இன்டிஜர் கிளாஸோட டு-ஹெக்ஸ்-ஸ்ட்ரிங் மெத்தட்டுக்கு நேரா பைட்ட குடுத்தா இப்படி. மாஸ்க் போட்டா ஆறு எஃப் போயிடும், ஆனா 16-க்கு கீழ இருக்கற பைட்டுக்கு ஒரே எழுத்துதான் வரும், முன்னாடி சைபர் வராது, ஹாஷ் ஸ்ட்ரிங் நீளம் ஒவ்வொரு தடவையும் மாறிட்டே இருந்தா இதான் காரணம். ஜாவா 17-லேர்ந்து ஹெக்ஸ்-ஃபார்மேட்னு ஒரு கிளாஸ் இருக்கு, அத யூஸ் பண்ணுங்க, ரெண்டு தொல்லையும் போயிடும்.

டெக்ஸ்ட் ஃபைல் படிக்குது, ஃபோட்டோ படிக்கல

இன்புட் ஸ்ட்ரீம்லேர்ந்து ஒவ்வொரு பைட்டா படிக்கற ரீட் மெத்தட் திருப்பி குடுக்கறது இன்ட், பைட் இல்ல. 0-லேர்ந்து 255 வரைக்கும் டேட்டா, ஃபைல் முடிஞ்சா -1. அத வாங்கின கையோட பைட்டா காஸ்ட் பண்ணிட்டு (டைப் மாத்திட்டு) அப்புறம் -1-ஆன்னு பாத்தீங்கன்னா, 255-ங்கற நெஜ டேட்டாவும் -1 ஆயிடும், ப்ரோக்ராம் ஃபைல் முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சு நின்னுடும். ஜேபெக் ஃபைல் எல்லாமே 255, 216-னுதான் ஆரம்பிக்கும். அப்போ மொத பைட்லயே கதை முடிஞ்சுது, காப்பி ஆன ஃபைல் 0 பைட். ஒழுங்கான யூடிஎஃப்-8 டெக்ஸ்ட்ல 255-ங்கற பைட் வரவே வராது, அதனால டெக்ஸ்ட் ஃபைல் எல்லாம் பாஸ் ஆகும், தமிழும் பாஸ் ஆகும். மொதல்ல இன்ட்டா வெச்சு -1 செக் பண்ணுங்க, அப்புறம்தான் காஸ்ட்.

இதோட சேந்ததுதான் இஃப் கண்டிஷன் ஒருநாளும் உள்ள போகாத பிரச்சனை. பைட் வேரியபிள் == 216-ன்னு எழுதியிருப்பீங்க, பைட் 127-க்கு மேல போகாதே, அது எப்பவுமே பொய்தான். கம்பைலர் தடுக்காது. இடது பக்கம் & 255 போடுங்க.

மாஸ்க் போட்டேன், அப்பவும் மைனஸ்

இது படுத்தற பிழை, கோட பாத்தா சரியா இருக்கற மாதிரியே இருக்கும். இன்ட்ட லாங்கா மாத்த ஹெக்ஸ்ல எட்டு எஃப் போட்டு மாஸ்க் பண்ணியிருப்பீங்க, கடைசில எல் எழுத்து போட்டிருக்க மாட்டீங்க. எல் இல்லன்னா அந்த மாஸ்க்கே ஒரு இன்ட், அதோட மதிப்பு -1. லாங்கோட சேரும்போது அதுவும் -1 லாங்கா விரிஞ்சு 64 பிட்டும் 1 ஆயிடும், அதோட ஆன்ட் பண்ணினா போட்ட நம்பர் அப்படியே வெளிய வரும். மாஸ்க் இருக்கு, வேலை செய்யல. 4294967295-னு டெசிமல்ல எழுதியிருந்தா நம்பர் ரொம்ப பெருசுன்னு கம்பைலர் கத்தியிருக்கும், ஹெக்ஸ்ல எழுதினா சத்தமே போடாது. அதனால மாஸ்க்க கையால எழுதறத விட டு-அன்சைன்ட்-லாங் மெத்தட்ட கூப்பிடறதுதான் நல்லதுன்னு நான் சொல்வேன், தப்பு பண்ண எடமே இல்ல.

இன்னொரு எடம், மூணு அம்பு >>> போட்டா சைன் வராதுன்னு நம்பி பைட் மேல போடறது. பைட் மொதல்ல இன்ட்டா விரியும், சைனோட விரியும், அப்புறம்தான் ஷிஃப்ட். 128-ங்கற பைட்ட >>> 1 பண்ணினா 64 வரணும், வர்றது 2147483584, திரும்ப பைட்டா காஸ்ட் பண்ணினா -64. மொதல்ல & 255, அப்புறம் >>>. இன்ட், லாங் மேல >>> நேரா போட்டா சரியாதான் வரும்.

ஐபி ரேஞ்ச் செக் தப்பா சொல்லுது, சார்ட் வரிசை கொழம்புது

192.168.1.10-ஐ 32 பிட் நம்பரா பாத்தா 3232235786, ஜாவா இன்ட்ல -1062731510. 10-ல ஆரம்பிக்கற அட்ரஸ் ப்ளஸ், 192-ல ஆரம்பிக்கறது மைனஸ், சார்ட் பண்ணினா 192 மேல வந்து 10 கீழ போகும். மொத எண் 128-ம் அதுக்கு மேலயும் இருக்கற அட்ரஸ் எல்லாமே இப்படிதான். சப்நெட் மாஸ்க் போட்டு சமமான்னு பாக்கற செக் மட்டும் தப்பிச்சுடும், சமமா இல்லையாங்கறதுக்கு சைன் தேவையில்ல. ஆரம்பம், முடிவுன்னு ரெண்டு அட்ரஸுக்கு நடுவுல இருக்கான்னு பாக்கற செக்தான் விழும்.

இன்டிஜர் கிளாஸோட கம்பேர்-அன்சைன்ட் மெத்தட் போடுங்க. பழைய ஜாவால மாட்டிட்டிருக்கற ப்ராஜெக்ட்னா ரெண்டு பக்கமும் மின்-வேல்யூவ (இன்ட்டோட மிகச்சின்ன எண், -2147483648) கூட்டிட்டு சாதாரணமா ஒப்பிடுங்க, மேல் பிட் மட்டும் பொரண்டு வரிசை சரியாயிடும். 64 பிட் அன்சைன்ட் நம்பர டேட்டாபேஸ்ல சைன்ட் நெடுவரிசைல (காலம்) போட்டு, வரிசைப்படி எடுக்கணும்னாலும் இதே தந்திரம்தான், போடும்போது மேல் பிட்ட பொரட்டி போடுங்க, எடுக்கும்போது பொரட்டி எடுங்க.

ஹாஷ வெச்சு பக்கெட் பிரிச்சா மைனஸ் பக்கெட்

ஹாஷ்னா ஒரு டேட்டாவ சுருக்கி எடுத்த எண், அத வெச்சு டேட்டாவ பக்கெட்டுன்னு பல கூடைல பிரிப்போம். ஹாஷ் % 10 (10-ஆல வகுத்த மீதி) போட்டா ஹாஷ் மைனஸா இருக்கும்போது விடையும் மைனஸ், அர்ரே இன்டெக்ஸ்ல விழுந்துடும். ஆப்ஸ் போட்டு தப்பிக்கலாம்னு பாத்தா மின்-வேல்யூவோட ஆப்ஸும் மைனஸ்தான், 2147483648-க்கு இன்ட்ல எடமில்ல, எப்பவாச்சும் ஒரு தடவ ப்ரொடக்ஷன்ல ராத்திரி விழும்.

ரெண்டு ஒழுங்கான வழி இருக்கு, ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுடாதீங்க. மேத் கிளாஸோட ஃப்ளோர்-மாட் ஒண்ணு, இன்டிஜரோட ரிமெயிண்டர்-அன்சைன்ட் இன்னொண்ணு. பக்கெட் எண்ணிக்கை 16, 64 மாதிரி ரெண்டோட அடுக்கா இருந்தா ரெண்டும் ஒரே விடை. 10-ன்னா வேற வேற. ஹாஷ் -1-ன்னு வெச்சுக்குங்க, ஃப்ளோர்-மாட் 9 குடுக்கும், ரிமெயிண்டர்-அன்சைன்ட் அத 4294967295-ஆ பாத்து 5 குடுக்கும். ஜாவா பக்கம் மட்டும்னா எது வேணா எடுங்க, ஆனா அந்தப்பக்கம் கோ-லயோ சி-லயோ எழுதின சர்வீஸ் அன்சைன்ட்டா கணக்கு போடுதுன்னா கண்டிப்பா ரிமெயிண்டர்-அன்சைன்ட்தான், இல்லன்னா எழுதினது ஒரு பக்கெட்ல, தேடறது இன்னொரு பக்கெட்ல.

தேதி 136 வருஷம் பின்னாடி போயிடுச்சு

டைம் சர்வர்கிட்ட என்டிபில (நெட்வொர்க் வழியா நேரம் வாங்கற முறை) நேரம் வாங்கி நாமே பாக்கெட்ட பிரிச்சு படிச்சா வர்ற அறிகுறி. என்டிபி 1900 ஜனவரி 1-லேர்ந்து செகண்ட எண்ணும், 32 பிட் அன்சைன்ட். இப்போ அந்த எண் 2147483647-ஐ எப்பவோ தாண்டிடுச்சு, பைட்பஃபரோட கெட்-இன்ட் குடுக்கறது மைனஸ். 2025 ஜனவரி 1 காலைல 8 மணி வரவேண்டிய எடத்துல, சிங்கப்பூர் டைம்ஜோன் போட்டா 1888 நவம்பர் 25, நள்ளிரவு தாண்டி 27 நிமிஷம் 9 செகண்ட்னு வரும்.

அந்த நிமிஷமும் செகண்டும் சேந்து கொழப்பும், ரெண்டு பிழை இருக்கோன்னு தோணும். இல்ல, ஒண்ணுதான். 1888-ல சிங்கப்பூருக்கு எட்டு மணி நேர டைம்ஜோன் கெடையாது, ஜாவா டைம்ஜோன் டேட்டால அந்த காலத்துக்கு 6 மணி 55 நிமிஷம் 25 செகண்ட்தான் இருக்கு, நாம இப்போ இருக்கற எட்டு மணி நேரம் 1982-லேர்ந்துதான். அதே காரணத்தாலதான் யூனிக்ஸ் டைம் (1970 ஜனவரி 1 யூடிசி-லேர்ந்து எண்ணற செகண்ட்) சைபர்னா சிங்கப்பூர்ல 1970 ஜனவரி 1 காலைல 8 இல்ல, 7:30-னு காட்டும். லாக்ல 7:30 பாத்தா டைம் சைபரா வந்திருக்கு, 7:29:59 பாத்தா -1 வந்திருக்கு, அதாவது யாரோ "தெரியல"ங்கறதுக்கு 32 பிட்டும் 1-ஆ நெரப்பி அனுப்பியிருக்காங்க, நீங்க அத சைன்ட்டா படிச்சிருக்கீங்க.

சரி பண்றதுக்கு டு-அன்சைன்ட்-லாங், அப்புறம் 2208988800 கழிச்சா யூனிக்ஸ் டைம். ஆனா என்டிபியோட 32 பிட் 2036 பிப்ரவரி 7-ல சுத்தி மறுபடி சைபர்லேர்ந்து வரும், புதுசா எழுதறவங்க அதுக்கும் இப்பவே வழி பண்ணுங்க. யூனிக்ஸ் டைம 32 பிட் சைன்ட்ல வெச்சிருக்கற டிவைஸுக்கு கெடு 2038 ஜனவரி 19, நம்ம நேரம் காலைல 11:14:07. டிவைஸ் அன்சைன்ட்டா அனுப்புதுன்னு மேனுவல்ல இருந்தா 2106 வரைக்கும் தாங்கும், ஜாவா பக்கம் சரியா படிச்சா மட்டும்.

நெட்வொர்க் டிராஃபிக் கிராஃப்ல பெரிய மைனஸ் குத்து

எஸ்என்எம்பி (நெட்வொர்க் டிவைஸ கண்காணிக்கற முறை) கவுன்டர் 32 பிட், 4294967295-க்கு அப்புறம் சைபர். பழைய ரீடிங் 4294967000, புது ரீடிங் 500, நடுவுல போனது 796 பைட். லாங்ல நேரா கழிச்சா -4294966500. இன்ட்லயே கழிச்சு விடைய மட்டும் டு-அன்சைன்ட்-லாங் பண்ணுங்க, 796 தானா வரும், இஃப் எதுவும் வேணாம். ஆனா 1 ஜிகாபிட் லிங்க் முழு வேகத்துல ஓடினா அந்த கவுன்டர் 34 செகண்டுக்கு ஒரு தடவ சுத்திடும், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ எடுத்தா எத்தன சுத்துன்னு ஆண்டவனுக்கே தெரியாது, அங்க 64 பிட் கவுன்டரத்தான் கேக்கணும், கணக்க நோண்டி பிரயோஜனம் இல்ல.

போன் நம்பர் மைனஸ் ஆயிடுச்சுன்னு கேக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. எட்டு இலக்கம் இன்ட்ல அடங்கும், முன்னாடி 65 சேத்ததும் 6590000000 மாதிரி ஆகி அன்சைன்ட் 32 பிட்ல கூட அடங்காது, இன்ட்டா காஸ்ட் பண்ணினா -1999934592. இது அன்சைன்ட் பிரச்சனையே இல்ல, போன் நம்பர ஸ்ட்ரிங்ல வைங்க.

64 பிட் ஐடி

லாங்குக்கு மேல பெரிய டைப் இல்லங்கறதால இங்க மாஸ்க் வித்தை எடுபடாது. ப்ரோட்டோபஃப்ல (டேட்டாவ பைட்டா அடைச்சு அனுப்பற ஃபார்மேட்) யூஇன்ட்64-னு போட்டா ஜாவால லாங்தான் கெடைக்கும், மேல் பிட் சைன் பிட்ல உக்காந்திருக்கும். வெச்சுக்கறதுக்கும் சமமான்னு பாக்கறதுக்கும் லாங்கே போதும், லாக்ல எழுதும்போது லாங் கிளாஸோட டு-அன்சைன்ட்-ஸ்ட்ரிங், படிக்கும்போது பார்ஸ்-அன்சைன்ட்-லாங். மைஎஸ்க்யூஎல்ல பிக்இன்ட் அன்சைன்ட் நெடுவரிசைய ஆப்ஜெக்ட்டா எடுத்தா டிரைவர் பிக்இன்டிஜராவும் (எவ்வளவு பெரிய எண்ணும் அடங்கற ஜாவா கிளாஸ்), இன்ட் அன்சைன்ட்ட லாங்காவும் குடுக்கும், இன்ட்னு நம்பி காஸ்ட் பண்ற பழைய கோட் அங்க கிளாஸ் காஸ்ட் எக்ஸெப்ஷன்ல விழும். போஸ்ட்கிரேஸ்ல சாதாரண முழு எண் டைப் எதுலயும் அன்சைன்ட் இல்ல.

சர்வர்ல சரியா இருக்கற ஐடி ப்ரவுசர்ல கடைசி சில இலக்கம் மாறி வந்தா ஜாவாவ திட்டாதீங்க. ஜாவாஸ்க்ரிப்ட் நம்பர் 9007199254740991 வரைக்கும்தான் முழு எண்ண துல்லியமா வெக்கும், 18446744073709551615 அங்க போனா 18446744073709552000-னு காட்டும். ஜேசன்ல ஐடிய ஸ்ட்ரிங்கா அனுப்புங்க.

பைட் அர்ரேலேர்ந்து பிக்இன்டிஜர் பண்ணும்போது மைனஸ் வந்தா, கன்ஸ்ட்ரக்டர்ல மொதல்ல 1-ங்கற சைன குடுத்து அப்புறம் அர்ரேவ குடுங்க. திரும்ப அர்ரேவா எடுக்கும்போது 32 பைட்டுக்கு பதிலா 33 வந்தா முன்னாடி இருக்கறது சைனுக்காக சேத்த சைபர் பைட், வெட்டிடலாம்.

எங்க மாத்தறது

கோட்லின் (ஜாவாவோட சேந்து ஓடற லாங்குவேஜ்) சேத்துக்க முடியற டீம்னா 2021-ல வந்த 1.5-லேர்ந்து அன்சைன்ட் டைப் நெலையா இருக்கு, குவாவாங்கற ஜாவா லைப்ரரிலயும் அன்சைன்ட் கிளாஸ் இருக்கு, ஆனா அதுல ஒரு ஆப்ஜெக்ட் ஒரு நம்பர்னு ஆகறதால பெரிய அர்ரேக்கு நான் போடமாட்டேன். வெறும் ஜாவான்னா என் வழி இது, டேட்டா உள்ள வர்ற வாசல்லயே, அதாவது பஃபர், ஸ்ட்ரீம், ரெஜிஸ்டர் படிக்கற அந்த ஒரு மெத்தட்லயே, அடுத்த பெரிய டைப்புக்கு மாத்திடுங்க, பைட்டும் ஷார்ட்டும் இன்ட்டா, இன்ட் லாங்கா. உள்ள இருக்கற கோட் எதுலயும் மாஸ்க் கண்ணுல படக்கூடாது. வெளிய அனுப்பற எடத்துல ரேஞ்ச் செக் பண்ணிட்டு திரும்ப சின்னதாக்குங்க, 65536-ஐ ஷார்ட்டா காஸ்ட் பண்ணினா சைபராகி சத்தமில்லாம போயிடும், அத அங்கயே எக்ஸெப்ஷனா தூக்கி போட்டுடுங்க.

அந்த வாசல் மெத்தட்டுக்கு டெஸ்ட் எழுதும்போது 0, 1, 127, 128, 255, 32767, 32768, 65535, 2147483647, 2147483648, 4294967295 இத்தனையும் குடுங்க. சிஆர்சி-32 (ஒரு வகை செக்சம்) கணக்கு இருந்தா 1-லேர்ந்து 9 வரைக்கும் இருக்கற ஒன்பது இலக்க எழுத்த குடுத்தா 3421780262 வரணும், -873187034 வந்தா கணக்கு சரி, அத இன்ட்ல வாங்கியிருக்கீங்க.